வரேல்ல எண்டு நாங்களே சொன்னதுதான் பிழை

2020 ஏப்ரல் 3, கட்டுநாயக்காவில இருந்து சென்னைக்கு பிளைட். அம்மா, நான், மனிசி, சித்தப்பா குடும்பம் நாலு பேர், மச்சாளும் அவவின்ர மனிசனும், மொத்தம் ஒன்பது பேர். திருப்பதி, காஞ்சிபுரம், சிதம்பரம், மதுரை, கடைசியில ராமேஸ்வரம் எண்டு பன்னிரண்டு நாள். அம்மாவுக்கு இது பதினைஞ்சு வருச ஆசை, அப்பா இருக்கேக்க போறதெண்டு சொல்லிச் சொல்லியே போகாமப் போன பயணம். ஆளுக்கு ரிக்கெட் 32,000, அங்க வானுக்கும் ரூமுக்கும் அட்வான்ஸ் 15,000. ஒன்பது பேருக்கும் சேர்த்து 4,23,000 ரூபாய். திருகோணமலை டவுனில இருக்கிற ஒரு சின்ன ஏஜென்சி மூலமாக் கட்டினது. பேர் சொல்லப் போறதில்ல, அந்தத் தம்பி இப்பவும் அதே ரோட்டிலதான் இருக்கிறார், சந்தையில கண்டா சிரிப்பார், நானும் சிரிப்பன்.

காசு எப்பிடித் திரும்பி வந்தது, யாருக்கு வந்தது, யாருக்கு வரேல்ல எண்டதைத்தான் எழுத வந்தன், ஏனெண்டா ஒரே பிளைட், ஒரே ஏஜென்ட், ஒரே நாள், ஆனா மூண்டு குடும்பத்துக்கும் மூண்டு விதமா முடிஞ்சது.

மார்ச் 11 இங்க முதலாவது உள்ளூர் ஆளுக்கு கொரோனா எண்டு சொன்னாங்கள், ஒரு டூர் கைட். அதே நேரம் இந்தியா குடுத்திருந்த விசா எல்லாத்தையும் 13ஆம் திகதியில இருந்து நிப்பாட்டி வைக்கிறதா அறிவிச்சுது, ஏப்ரல் 15 வரைக்கும். எங்கட ஈ-விசா ஒன்பதும் அதோட செத்துப் போச்சு (அந்த விசாக் காசு யாருக்கும் திரும்பி வராது, விண்ணப்பத்திலயே அப்பிடித்தான் இருக்கு, அதை மறந்திடுங்கோ). 13ஆம் திகதி வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடங்களும் பூட்டியாச்சு, அம்மாவுக்குப் பயம் பிடிச்சிட்டுது. எனக்குச் சொல்லாமலே ஏஜென்டுக்கு போன் எடுத்து, "தம்பி, நாங்கள் ஒருத்தரும் வரேல்ல, காசைத் திருப்பித் தாங்கோ" எண்டு சொல்லிட்டா. பின்னேரம் கடைக்கு வந்து, பெரிய வேலை ஒண்டு முடிச்ச மாதிரி, "நான் சொல்லிட்டன் மகன்" எண்டா.

அந்த ஒரு போன் கோல்தான் எங்களைப் பதினொரு மாதம் இழுத்தடிச்சது.

ஏனெண்டு சொல்றன். நீங்களா வரேல்ல எண்டு சொன்னா அது பயணி செய்த கான்சல், ரிக்கெட்டில எழுதி இருக்கிற கான்சலேஷன் சார்ஜ் எல்லாம் வெட்டுவாங்கள், மலிவு ரிக்கெட்டெண்டா ஒண்டுமே வராது, விமான நிலைய வரி மட்டும் சில நேரம் வரும். கம்பனியே பிளைட்டை நிப்பாட்டினா அது வேற கதை, நீங்கள் வாங்கின சேவையை அவங்கள் தரேல்ல, அப்ப காசை முழுசாக் கேக்கலாம். மூண்டு கிழமைக்கு முதல் பயந்து கான்சல் பண்ணினவன் நட்டப்பட்டான், பேசாம இருந்தவன் தப்பினான், உலகம் முழுக்க இதுதான் நடந்தது. பிளைட் எப்பிடியும் ஓடாது எண்டு தெரிஞ்சாலும் அவங்கள் சொல்லும் வரைக்கும் நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பேசாமப் பொறுத்திருக்கிறதும் ஒரு உரிமைதான் எண்டு எங்களுக்கு அப்ப தெரியாது.

20ஆம் திகதி பின்னேரம் ஆறு மணிக்கு ஊரடங்கு. அடுத்த நாள் விடிய எங்கட வீட்டு கேட்டுக்கு முன்னால ரெண்டு மான், செவ்வரத்தங் கிளையை எட்டிப் பிடிச்சு மேயுதுகள், திருகோணமலையில மான் டவுனுக்குள்ள திரியிறது புதுசில்ல, ஆனா ரோட்டில ஒரு ஓட்டோ கூட இல்லாம அதுகள் நடு ரோட்டில நிண்டதை அண்டைக்குத்தான் கண்டன். போட்டோ எடுக்கப் போனை எடுத்தனான், எடுத்த கையோட வேலையில்லாம விமானக் கம்பனியின்ர சைட்டுக்குப் போய் பி.என்.ஆர். எண்ட புக்கிங் நம்பரை அடிச்சுப் பாத்தன். ஒன்பது பேரின்ர பேரும் இருக்கு, கன்ஃபர்ம்ட் எண்டு பச்சையில கிடக்கு. அட, அம்மா கான்சல் பண்ணினவ எல்லோ? ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து வச்சன். எதுக்கெண்டு எடுத்தனோ எனக்கே தெரியாது, கொமியுனிகேஷன் கடை வச்சிருக்கிறவனுக்கு எந்தக் கடுதாசியையும் ஒரு கொப்பி எடுத்து வைக்கிற வருத்தம் இருக்கு, அது உதவிச்சுது.

22ஆம் திகதியோட இந்தியா வெளிநாட்டு பிளைட் எல்லாத்தையும் இறங்க விடாம நிப்பாட்டிச்சுது. 26ஆம் திகதி கம்பனியில இருந்து எஸ்.எம்.எஸ்., உங்கட ஏப்ரல் 3 பிளைட் ரத்து எண்டு. அதையும் அழிக்காம வச்சன்.

பிறகு கடை பூட்டு, ஏஜென்சி பூட்டு, போன் எடுத்தா எடுக்கிறேல்ல. மே கடைசியிலதான் தம்பி வட்ஸ்அப்பில ஒரு மெசேஜ் எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்பினார்: ரிஃபண்ட் இல்ல, ஒரு வருசத்துக்கு வவுச்சர் தாறம், வந்து கையெழுத்து வச்சு எடுங்கோ.

இதில அந்தத் தம்பியின்ர பக்கத்தையும் சொல்ல வேணும். நாங்கள் குடுத்த காசு அவரின்ர லாச்சியில இல்ல. இங்க இருக்கிறவர் சப் ஏஜென்ட், அவர் கொழும்பில ஒரு பெரிய ஏஜென்டுக்குக் கட்ட, அவர் விமானக் கம்பனிக்குக் கட்ட, அப்பிடி நாலு கை மாறிப் போன காசு. வழமையில ஏஜென்டே கம்ப்யூட்டரில ரிஃபண்டுக்குப் போட்டா வரும், அந்தக் காலத்தில கன கம்பனியள் அந்த வசதியைப் பூட்டி வச்சிட்டு ஒவ்வொண்டா விண்ணப்பம் போடச் சொன்னதுகள், மாசக்கணக்கா இழுத்ததுகள். அதால நீங்கள் கேக்க வேண்டிய முதல் கேள்வி "காசு எப்ப தருவீங்கள்" இல்ல, "என்ர காசு இப்ப யாரின்ர கையில இருக்கு" எண்டதுதான். ரிக்கெட் காசு கம்பனியிட்ட, வான் அட்வான்ஸ் மதுரையில வான்காரனிட்ட, சேர்விஸ் சார்ஜ் தம்பியின்ர பொக்கெட்டில. மூண்டும் மூண்டு சண்டை. நாங்கள் அதை ஒண்டாக் குழைச்சு "எங்கட 47,000" எண்டு கத்தினதால முதல் ரெண்டு மாதம் வீணாப் போனது.

சித்தப்பா போய் கையெழுத்து வச்சிட்டார். நாலு பேருக்கும் 1,88,000 ரூபாய் வவுச்சர். "கிடைச்சதை எடுப்பம் தம்பி, நாளைக்கு அவன் கடையைப் பூட்டிட்டா?" எண்டார், அது ஒண்டும் முட்டாள் கதை இல்ல, அந்த நேரம் எத்தனையோ பேர் அப்பிடித்தான் யோசிச்சவை. ஆனா கடுதாசியில கீழ சின்ன எழுத்தில, இதை முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன் எண்டு இருந்தது. அதில கையெழுத்து வச்சா உங்கட காசு கேக்கிற உரிமையை நீங்களே வித்துப்போட்டியள் எண்டுதான் அர்த்தம். வவுச்சர் 2021 மார்ச் 31 வரைக்கும். இந்தியா திரும்பவும் சாதாரண ஆக்களுக்கு டூரிஸ்ட் விசா குடுக்கத் தொடங்கினது 2021 நவம்பர் 15. வழமையான வெளிநாட்டு பிளைட்டுகளை விட்டது 2022 மார்ச் 27. அப்ப அந்த வவுச்சர் உயிரோட இருந்த ஒரு நாளில கூட அதைப் பாவிச்சு சித்தப்பா கோயில் கும்பிடப் போயிருக்கவே ஏலாது! கெஞ்சி இன்னொரு வருசம் நீட்டிக் குடுத்தாங்கள். அதுக்குள்ள 2022 மார்ச்சில ரூபாயை மிதக்க விட்டாங்கள், 200 சொச்சத்தில நிண்ட டொலர் ரெண்டு மாதத்தில 360க்குப் போனது, ரிக்கெட் விலையும் அதோட பறந்தது. வவுச்சரில எழுதின தொகை அப்பிடியே இருந்தது, நாலு பேருக்கெண்டு எடுத்த வவுச்சர் ரெண்டு பேருக்குக் கூடக் காணாது. ரூபாயில வவுச்சர் எடுக்கிறதெண்டா அதுக்குள்ள இருக்கிற ஆபத்து இது, கம்பனி உறுதியா நிண்டாலும் ரூபாய் நிக்க வேணுமே.

மச்சாள் கெட்டிக்காரி இல்ல, அதிஷ்டக்காரி. அவ மட்டும் கொழும்பு ஏஜென்டின்ர லிங்கில கிரெடிட் கார்டால கட்டினவ, பொயின்ட் சேரும் எண்டு. ஜூனில பேங்குக்குப் போய் தராத சேவைக்குக் காசு எடுத்திருக்கினம் எண்டு டிஸ்பியூட் ஃபோம் நிரப்பிக் குடுத்தா, எஸ்.எம்.எஸ். கொப்பியும் ரிக்கெட்டும் வச்சு. கார்ட் கம்பனிகளின்ர சட்டப்படி இப்பிடியான முறைப்பாட்டுக்கு சேவை கிடைச்சிருக்க வேண்டிய நாளில இருந்து 120 நாள்தான் பொதுவாக் கணக்கு, காசு கட்டின நாளில இருந்து இல்ல, பயண நாளில இருந்து. எங்களுக்கு எண்டா ஓகஸ்ட் 1 வரைக்கும். வவுச்சருக்குக் கையெழுத்து வச்சிருந்தா இதுவும் போயிருக்கும். 94,000மும் அவவுக்கு செப்டம்பரில வந்திட்டுது, எல்லாருக்கும் முதல். பிறகு ஒவ்வொரு நல்ல காரியத்திலயும் அதைச் சொல்லிச் சொல்லியே எங்களைக் கொண்டா.

மிச்சம் நாங்கள் மூண்டு பேர், 1,41,000, காசாக் கட்டினது, கையால எழுதின பில்.

ஜூனில கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போனன், நுகர்வோர் அதிகாரசபை ஆக்களைப் பாக்க. 1977 எண்ட நம்பருக்கு அடிச்சும் சொல்லலாம், ஆனா எழுத்தில குடுக்கிறதுதான் கணக்கு. 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டம் அவையின்ர சட்டம், பொருளோ சேவையோ வாங்கி மூண்டு மாதத்துக்குள்ள முறைப்பாட்டைக் குடுக்க வேணும் எண்டு அதில இருக்கு. எனக்கு நாள் இருந்தது, கனபேர் ஊரடங்கு முடியட்டும் எண்டு இருந்து அந்த மூண்டு மாதத்தை விட்டவை. (பிறகு 2021இல 17ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒண்டு வந்தது, கொரோனாவால சட்டத்தில சொன்ன தவணைக்குள்ள ஒண்டைச் செய்யேலாமப் போனவைக்கு தற்காலிகச் சலுகை குடுக்கிறதுக்கு, 2020 மார்ச் 1இல இருந்து கணக்கு. ஆனா அது வரும் எண்டு 2020 ஜூனில யாருக்குத் தெரியும்.) அவையின்ர கடிதம் ஏஜென்சிக்குப் போன அண்டைக்குப் பின்னேரம்தான் தம்பி முதல் தரமா தானா எனக்குப் போன் எடுத்தார். "அண்ணை, ஏன் கச்சேரிக்கெல்லாம் போறீங்கள், நாங்கள் கதைச்சிருக்கலாமே" எண்டார். மூண்டு மாதமா உங்களோட கதைக்கத்தானே தம்பி அடிச்சனான் எண்டன்.

அவரின்ர பதில், அம்மாவின்ர போன் கோல். கொப்பியைத் திறந்து காட்டினார், "13/3, பார்ட்டி கான்சல்" எண்டு பேனையால எழுதி வட்டம் போட்டிருக்கு. நீங்களே கான்சல் பண்ணினது, வவுச்சர் தாறதே பெரிய விஷயம் எண்டார். அம்மா அதுக்குப் பிறகு ஒரு கிழமை சாப்பிடேல்ல சரியா.

அப்பதான் மானின்ர போட்டோவுக்குப் பக்கத்தில கிடந்த ஸ்கிரீன்ஷொட் ஞாபகம் வந்தது. அம்மா 13ஆம் திகதி கான்சல் எண்டா 21ஆம் திகதி எப்பிடி கன்ஃபர்ம்ட் எண்டு கிடந்தது? அவர் கொப்பியில எழுதினவர், ஆனா கம்ப்யூட்டரில ஒண்டும் செய்யேல்ல. கம்பனியின்ர கணக்கில எங்கட சீட் 26ஆம் திகதி வரைக்கும் உயிரோட இருந்தது, கம்பனிதான் அதைக் கொண்டது. ரிக்கெட்டில 13 இலக்கத்தில ஒரு நம்பர் இருக்கும், அதையும் பி.என்.ஆரையும் வச்சிருந்தா நீங்களே நேர கம்பனியிட்ட கேக்கலாம், எப்ப யார் கான்சல் பண்ணினது எண்டு. நான் ஈமெயில் போட்டுக் கேட்டன், மூண்டாவது ஈமெயிலுக்குப் பதில் வந்தது, கம்பனி ரத்து எண்டு ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு பாடு.

கோர்ட்டுக்குப் பக்கத்தில எனக்குத் தெரிஞ்ச ஒரு லோயர் இருக்கிறார், அவரின்ர கொப்பியெல்லாம் என்ர கடையிலதான் அடிக்கிறது. அவர் சொன்னதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்றன்: இலங்கையில ஒப்பந்தங்களுக்கு அடியில இருக்கிறது ரோமன் டச்சுச் சட்டம், ரெண்டு பக்கத்தின்ரயும் பிழையில்லாம ஒரு ஒப்பந்தம் செய்யவே ஏலாமப் போனா ரெண்டு பேரும் விடுபடுவினம், முன்னுக்குக் கட்டின காசை வாங்கினவர் சும்மா வச்சிருக்கேலாது. ஆனா பில்லுக்குப் பின்னாலயோ ரிக்கெட்டிலயோ இப்பிடி நடந்தா இதுதான் எண்டு வேற மாதிரி எழுதி இருந்தா அதுதான் முன்னுக்கு வரும். எங்கட கைப்பில்லில ஒண்டுமே எழுதேல்ல, நல்ல காலம். அவர் ஒரு கடிதமும் எழுதித் தந்தார், நான் கேட்டதுக்கு ரெண்டு பக்கம் வரும் எண்டு நினைச்சன், நாலு வரிதான்:

"மேற்படி பயணம் விமான நிறுவனத்தால் 26.03.2020 அன்று ரத்துச் செய்யப்பட்டது. நாம் பயணத்தை ரத்துச் செய்யவில்லை. வவுச்சரை நாம் ஏற்றுக்கொள்ளவில்லை. செலுத்திய தொகையை 14 நாட்களுக்குள் பணமாகத் திருப்பித் தருமாறு கோருகின்றோம்."

பதிவுத் தபாலில அனுப்பி அந்தத் துண்டை வைக்கச் சொன்னார். மூண்டாவது வசனத்தைக் கட்டாயம் எழுதுங்கோ, பேசாம இருந்தா ஏற்றுக்கொண்டது எண்டு பிறகு சொல்லுவாங்கள்.

இதுக்கிடையில திருச்சியில இருக்கிற மாமான்ர மகன் ஒரு நியூஸ் அனுப்பினான், 2020 ஒக்டோபர் 1 இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பிரவாசி லீகல் செல் எண்ட அமைப்பு போட்ட வழக்கு. லொக்டவுனுக்கு முதல் எடுத்த ரிக்கெட், மே 24க்குள்ள பயணம் எண்டா 15 நாளுக்குள்ள காசு குடுக்கப் பாக்க வேணும், குடுக்கேலாம நெருக்கடியில இருந்தா கிரெடிட் ஷெல் (அதே கம்பனியில பிறகு ரிக்கெட் எடுக்கப் பாவிக்கிற வரவு) குடுக்கலாம், ஆனா அது சும்மா வவுச்சர் இல்ல, 2020 ஜூன் 30 வரைக்கும் மாசம் 0.5 வீதம், பிறகு 0.75 வீதம் எண்டு கூடிக்கொண்டு போகும், வேற ஆளுக்கும் மாத்திக் குடுக்கலாம், 2021 மார்ச் 31க்குள்ள பாவிக்கேல்ல எண்டா காசாத் திருப்பிக் குடுக்க வேணும். பாருங்கோ, வவுச்சர் எண்டா இப்பிடி இருக்க வேணும், சித்தப்பாவின்ரதைப் போல இல்ல. அவன் சென்னையில இருந்து இங்க வர ஏப்ரலுக்கு எடுத்திருந்த ரிக்கெட்டுக்கு அதைக் காட்டியே எடுத்திட்டான். "அத்தான் நீங்களும் போடுங்கோ" எண்டான். லோயர் வாசிச்சிட்டு தலையாட்டினார், வெளிநாட்டுப் பயணத்தில அது இந்தியாவில இருந்து புறப்படுற புக்கிங்குக்கு, உங்கட கொழும்பில தொடங்கினது. அதே விமானம், அதே சீட், எதிர்ப் பக்கமாப் போனா சட்டம் வேற.

பாரிஸில இருக்கிற தங்கச்சியின்ர கதை இன்னும் வேற. ஓகஸ்டில வர எடுத்த ரிக்கெட், வளைகுடாக் கம்பனி, அவங்கள் ரத்துச் செய்துபோட்டு வவுச்சர் எண்டு ஈமெயில் அனுப்பினாங்கள். ஐரோப்பாவில 261/2004 எண்டு ஒரு விதி இருக்கு, அங்க இருந்து புறப்படுற பிளைட் எந்த நாட்டுக் கம்பனியா இருந்தாலும் அதுக்குள்ள வரும், ரத்துச் செய்தா 7 நாளுக்குள்ள காசு, பயணி கையெழுத்துப் போட்டுச் சம்மதிச்சாத்தான் வவுச்சர். அவ அந்த நம்பரை மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினா, 7 நாளில்ல, ரெண்டு மாதத்தில வந்தது. அவவின்ர பக்கத்து வீட்டு ஆக்கள் ஹொட்டேலும் பிளைட்டும் சேர்ந்த பக்கேஜ் எடுத்தவை, அவைக்கு பிரான்ஸ் 2020 மார்ச்சில போட்ட அவசரக் கட்டளையால 18 மாத வவுச்சர்தான். அது பிழை எண்டு ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது 2023 ஜூன் 8, மூண்டு வருசம் கழிச்சு. கிளிச்சுது போங்கோ.

எங்கட விஷயம் கடைசியில மத்தியஸ்த சபையில முடிஞ்சது. அப்ப அஞ்சு லட்சத்துக்கு உட்பட்ட காசுப் பிரச்சினை எண்டா கோர்ட்டுக்கு முதல் அங்க போகத்தான் வேணும், அங்க இணக்கம் வரேல்ல எண்டு சான்றிதழ் இல்லாம வழக்கு எடுக்க மாட்டினம். லோயர் வரேலாது, நீங்களே கதைக்க வேணும், அது எனக்கு முதல் பயம், பிறகு நல்லதாப் போச்சு. 2021 பெப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட வகுப்பறை, மூண்டாம் வகுப்புப் பிள்ளையளின்ர வாங்கு. ஏஜென்சித் தம்பி என்னைவிட உயரம், முழங்கால் ரெண்டும் மேசைக்கு மேல வந்து நிக்குது, எல்லாருக்கும் மாஸ்க், அம்மா கதைக்கிறது ஒருத்தருக்கும் கேக்கேல்ல. சபையில இருந்த மூண்டு பேரில ஒருத்தர் ரிட்டயர்ட் மாஸ்டர் போல, ஸ்கிரீன்ஷொட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுப் பாத்திட்டு முதல் கேட்டது, "இந்த மான் எங்க எடுத்தது?" ரெண்டையும் ஒரே தாளில பிரின்ட் அடிச்சுக் குடுத்திட்டன், கடைக்காரப் புத்தி, தாள் மிச்சம்.

தம்பி அங்க மறுக்கேல்ல. கொழும்பு ஏஜென்டுக்கு ஒக்டோபரிலயே எங்கட ரிக்கெட் காசு வந்திட்டுது எண்டதும் அங்கதான் வெளிக்கிட்டுது. ரிக்கெட் 96,000 முழுக்க, அதில அவரின்ர சேர்விஸ் சார்ஜ் ஆளுக்கு 1,500 நாங்கள் விட்டுக் குடுத்தம், அவர் வேலை செய்தவர்தானே. வான் அட்வான்ஸ் 45,000 அவர் உண்மையாவே அனுப்பினதுக்கு சிலிப் காட்டினார், மதுரைக்காரனும் அந்த வருசம் வான் ஓட்டேல்ல, அவனிட்ட எங்க கேக்கிறது, அதைப் பாதிப் பாதி எண்டு முடிச்சம். 1,14,000, மூண்டு தவணை, மாசம் 38,000. சரியாத் தந்தவர். மூண்டாவது தவணைக்கு வரேக்க அம்மாவுக்கு ஒரு பொதி ரம்புட்டான் கொண்டு வந்தவர், அம்மா வாங்கி வச்சுக்கொண்டு "காசை எண்ணினியா மகன்" எண்டு என்னைக் கேட்டா அவருக்கு முன்னாலயே.

சித்தப்பாவும் எங்களோட வாறன் எண்டு நிண்டவர், மாஸ்டர் அவரின்ர கடுதாசியை வாசிச்சுப் பாத்திட்டு, "ஐயா, இதில கையெழுத்து உங்கடதா?" எண்டு மட்டும் கேட்டார். ஓம் எண்டார். அதோட சரி.

2022 டிசம்பரில யாழ்ப்பாணத்து பலாலி - சென்னை பிளைட் திரும்பத் தொடங்கினது, 2023இல நாங்கள் போட்டு வந்தம், கொழும்புக்கு இரவு முழுக்க ரயிலில இருக்கிற கரைச்சல் இல்ல. இந்த முறை கார்டால கட்டினது. ரிக்கெட் எடுக்க அம்மாவும் வந்தவ. கவுன்டரில இருந்த பிள்ளை பாஸ்போர்ட்டை வாங்கி பேர் அடிச்சுக்கொண்டிருக்க, அம்மா கண்ணாடியில தட்டி, "பிள்ளை, இது நீங்கள் கான்சல் பண்ணினா என்ன, நாங்கள் கான்சல் பண்ணினா என்ன, ரெண்டையும் வேற வேறயா எழுதித் தாங்கோ" எண்டா. பின்னால லைனில நிண்ட ஆள் சிரிச்சார். பிள்ளை சிரிக்கேல்ல, மனேஜரைக் கேட்டுக்கொண்டு வாறன் எண்டு உள்ளுக்குப் போனது.